திருகோணமலையில் இலக்குச் சுடுதலுக்கு ரைபிள் வைத்திருப்போருக்கான வழிகாட்டி: அனுமதி, பாதுகாப்பு, பராமரிப்பு

இலக்குச் சுடுதலை விளையாட்டாகப் பழக விரும்பும் ஒருவர், துப்பாக்கியைத் தேடிப் போவதற்கு முன், அதற்கான அனுமதியைப் பற்றியும், அதை வீட்டில் பூட்டி வைக்கப்போகும் இடத்தைப் பற்றியும், நம் ஊர்க் கடற்காற்றைப் பற்றியும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். திருகோணமலை நகரம் டச்சுக்குடாவுக்கும் உள்துறைமுகத்துக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலம். இங்கே எந்த வீட்டு யன்னலைத் திறந்தாலும் உப்பு உள்ளே வருகிறது. ஆகவே மலைநாட்டிலோ கொழும்பின் உட்பகுதியிலோ ரைபிள் வைத்திருப்பவர் மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வேலையை நாம் வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருக்கிறது. அந்த ஒழுங்குக்குத் தம்மைப் பழக்கிக்கொள்ள முடியாதவர் சொந்த ரைபிள் வாங்காமல், சுடுதல் கழகத்தின் துப்பாக்கியிலேயே பழகுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எந்த வகைச் சுடுதல் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

விளையாட்டு ரைபிள் என்று சொல்லும்போது பெரும்பாலும் இரண்டு வகைகளையே கருதுகிறோம். ஒன்று 10 மீற்றர் காற்று ரைபிள். இதன் குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீற்றர்; சர்வதேச விதிப்படி எடை 5.5 கிலோகிராமுக்கு மேற்படக் கூடாது. இலக்கு அட்டையின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டம் 0.5 மில்லிமீற்றர் அளவேயான ஒரு பொட்டு. 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுட வேண்டும். மற்றையது 50 மீற்றர் ரைபிள். இதில் .22 எனப்படும் 5.6 மில்லிமீற்றர் தோட்டா பயன்படுகிறது. எடை 8 கிலோகிராம் வரை இருக்கலாம். பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீற்றர். இலங்கை வீரர்களில் மங்கள சமரக்கோன் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 50 மீற்றர் போட்டியிலும், தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் காற்று ரைபிள் போட்டியிலும் பங்குபற்றினர்.

புதியவர் எவராயினும் காற்று ரைபிளில் தொடங்குவதே சரி. சுடுவதற்குத் தேவையான நிதானம், மூச்சைக் கட்டுப்படுத்தல், விசையை அழுத்தும் முறை ஆகிய அனைத்தையும் அதிலேயே கற்கலாம். சிறியதாகத் தோன்றும் .22 சன்னத்தின் எடை ஏறத்தாழ 2.6 கிராம்தான்; ஆயினும் குழலை உயர்த்திச் சுட்டால் அது ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் போய் விழக்கூடியது. "கடலைப் பார்த்துச் சுட்டால் யாருக்கு என்ன?" என்று கேட்பவர்கள் நம் ஊரில் உண்டு. தாழ்வான கோணத்தில் நீரைத் தொடும் சன்னம் அமிழ்ந்துபோவதில்லை. தட்டிக் கிளம்பி வேறு திசையில் பறக்கிறது. நிலாவெளியிலிருந்து குச்சவெளி வரை மீன்பிடி வள்ளங்கள் இல்லாத நேரம் ஏது? ஆகவே கடற்கரை, வீட்டு வளவு, குளக்கட்டு, வயல்வெளி எதுவும் சுடுதளம் ஆகாது. சன்னத்தைத் தடுத்து நிறுத்தும் மண் அணையும், பொறுப்பான அதிகாரியும், அரசின் அங்கீகாரமும் உள்ள இடமே சுடுதளம்.

அனுமதிப்பத்திரம்

இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பதை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதன் தண்டனைகளை மிகவும் கடுமையாக்கியது. தோட்டாக்களுக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் பொருந்தும். அனுமதிப்பத்திரமின்றி ஒரு துப்பாக்கியை ஒருநாள் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமே. "நண்பருடையது, இரண்டு நாள் வைத்திருக்கச் சொன்னார்" என்ற விளக்கம் நீதிமன்றத்தில் எடுபடாது.

நம் மாவட்டத்தில் பலர் குழம்பும் இடம் ஒன்றுண்டு. கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பகுதிகளில் பன்றியிடமிருந்து பயிரைக் காக்க விவசாயிகளுக்கு மாவட்டச் செயலாளர் வழியாகக் கச்சேரியில் வழங்கப்படுவது சொட்கனுக்கான அனுமதி. அது பயிர்ப் பாதுகாப்பு என்ற நோக்கத்துக்காக, குறித்த ஒருவருக்கு, குறித்த ஒரு துவக்குக்கு மட்டும் வழங்கப்படுவது. அந்தப் பத்திரத்தைக் காட்டி ரைபிள் வாங்கவோ, அந்தத் துவக்கைக்கொண்டு இலக்குச் சுடப் பழகவோ முடியாது. விளையாட்டு ரைபிளுக்கான அனுமதி பாதுகாப்பு அமைச்சின் தீர்மானத்துக்கு உட்பட்டது. அதைக் கோரும்போது விண்ணப்பதாரர் உண்மையிலேயே சுடுதல் விளையாட்டில் ஈடுபடுபவர் என்பதைக் கழகமும் தேசியச் சம்மேளனமும் உறுதிப்படுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே கழகத்தில் சேருவது முதற்படி, ரைபிள் வாங்குவது கடைசிப் படி. இந்த வரிசையை மாற்றி, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் "ஒரு காற்று ரைபிள் கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிடுபவர்கள், அதை விமான நிலையச் சுங்கத்தில் இழப்பதோடு அந்த உறவினரையும் வழக்கில் மாட்டிவிடுகிறார்கள். காற்றில் இயங்குவதால் அது துப்பாக்கி ஆகாது என்று தாமாகவே முடிவு செய்யக் கூடாது. அதை இறக்குமதி செய்யவும் வைத்திருக்கவும் எந்த அனுமதி வேண்டும் என்பதை, பணம் கொடுப்பதற்கு முன்னரே பாதுகாப்பு அமைச்சிடம் எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தின் பின்னணி விசாரணையில் கிராம அலுவலருக்கும் பிரதேசப் பொலிஸ் நிலையத்துக்கும் பங்கு உண்டு. அடையாள அட்டையிலுள்ள முகவரியும் வாக்காளர் பதிவிலுள்ள முகவரியும் இப்போது குடியிருக்கும் முகவரியும் ஒன்றாக இருக்கட்டும். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து மீண்டவர்களின் பத்திரங்களில் இவை வேறுபடுவது நம் மாவட்டத்தில் சாதாரணம். அதைச் சீர்செய்யாமல் விண்ணப்பித்தால் கோப்பு மேசைக்கு மேசை அலைந்துகொண்டே இருக்கும். அனுமதி கிடைத்த பின், பத்திரத்திலுள்ள தொடரிலக்கமும் துப்பாக்கியின் உடலில் பொறிக்கப்பட்ட தொடரிலக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று அந்த மேசையிலேயே பார்த்துவிடுங்கள். பூச்சியமும் ஆங்கில ஓ எழுத்தும் மாறி எழுதப்பட்டிருந்தால் அதைத் திருத்தும் வேலை பின்னர் உங்கள் தலையில்தான் விழும்.

அனுமதி ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31இல் முடிவடைகிறது; புதுப்பிக்காத ரைபிள் ஜனவரி முதலாந் திகதி சட்டவிரோதமானதாகிவிடும். மேலும், அனுமதி என்பது அரசு தந்து, அரசே திரும்பப் பெறக்கூடிய ஒன்று என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். 2024ஆம் ஆண்டின் இறுதியில் தனிநபர் பாதுகாப்புக்காக வழங்கப்பட்டிருந்த துப்பாக்கிகளைத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கேட்டு, அவற்றை வெலிசறையிலுள்ள கடற்படைப் பிரிவில் ஏற்றுக்கொண்டது. இத்தகைய அறிவித்தல் எப்போது வந்தாலும் அது தம் வகை அனுமதிக்கும் பொருந்துமா என்பதை உடனே விசாரித்து, பொருந்துமாயின் தாமதியாமல் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துவது அனுமதி பெற்றவரின் கடமை.

வீட்டில் வைக்கும் முறை

நம் மக்களின் வீடுகளில் துவக்கு என்ற சொல் கேட்டாலே நெஞ்சு பதறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்கான காரணத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரைபிள் வீட்டுக்கு வருவதற்கு முன் மனைவி, கணவன், பெற்றோர் ஆகியோரின் முழுச் சம்மதத்தைப் பெறுங்கள். சம்மதம் கிடைக்காவிட்டால் அது கழகத்தின் பூட்டறையிலேயே இருக்கட்டும். வீட்டில் எவரேனும் கடும் மனச்சோர்விலோ மதுப் பழக்கத்திலோ இருக்கும் காலத்திலும் அப்படியே செய்யுங்கள்.

மர அலுமாரி பூட்டு போட்டாலும் பெட்டகம் ஆகாது. சுவரில் உள்ளிருந்து ஆணி முடுக்கப்பட்ட உருக்குப் பெட்டகமே வேண்டும். ரைபிள் ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில், முடிந்தால், தோட்டா அமரும் வெடியறையைத் திறந்து மூடும் போல்ட்டைக் கழற்றி மூன்றாவது இடத்தில் வையுங்கள். சாவி அனுமதி பெற்றவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். சாமி அறைத் தட்டிலும் கதவின் மேற்படியிலும் வைக்கும் சாவியைப் பிள்ளைகள் நமக்கு முன்பே அறிவார்கள். பெட்டகத்தைக் கடல் பார்த்த வெளிச்சுவரிலோ குளியலறையை ஒட்டிய சுவரிலோ பொருத்தாமல் வீட்டின் நடுச்சுவரில் பொருத்துங்கள். சீமெந்துச் சுவர் மழைக்காலம் முழுவதும் ஈரத்தை விட்டுக்கொண்டே இருப்பதால் பெட்டகத்தின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே விரலளவு இடைவெளியும் விடுங்கள்.

உள்ளே ஒரு சிறிய ஈரப்பதன்மானி இருக்கட்டும். சாரீரப்பதன் 50 சதவீதத்தை அண்டி நின்றால் உருக்கும் மரமும் இரண்டும் நலமாயிருக்கும். சிலிக்கா ஜெல் மணிகள் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறியதும் அவற்றைத் தட்டில் பரப்பி மின்சார ஓவனில் 110 முதல் 120 பாகை வெப்பத்தில் சில மணித்தியாலம் உலர்த்தினால் மீண்டும் பயன்படும். துணிப் பையிலோ தோலுறையிலோ பஞ்சு மெத்தை வைத்த பெட்டியிலோ ரைபிளை நாட்கணக்கில் வைக்கவே கூடாது. அவை பயணத்துக்கானவை, வீட்டில் ஈரத்தைப் பிடித்து உருக்கோடு ஒட்டவைத்துவிடும்.

கடற்காற்றும் துருவும்

ரைபிளின் உருக்கில் காணும் கருநீல நிறம் ஒரு வகை இரும்பு ஒட்சைட்டுப் படலம். அது அழகுக்கு உதவும். எண்ணெயைச் சிறிது பிடித்துவைத்துக்கொள்ளும். தனியே நின்று துருவைத் தடுக்கும் வல்லமை அதற்கில்லை. கறியுப்பு, காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டோ அதற்கும் வெகு குறைந்த ஈரத்திலேயே நீரை இழுக்கும். எனவே உப்புப் படிந்த உருக்கின்மேல் நேராக எண்ணெய் தடவினால், உப்பை எண்ணெயின் அடியில் சிறை வைக்கிறோமே தவிரத் துருவைத் தடுக்கவில்லை. முதலில் நன்னீரில் நனைத்து இறுகப் பிழிந்த பருத்தித் துணியால் வெளி உலோகத்தைத் துடையுங்கள். உப்பு நீரில்தான் போகும். உடனே உலர்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் சற்று விட்டு, அதன்பின் மெல்லிய படலமாக எண்ணெய் பூசுங்கள். கை வியர்வையும் உப்பே. பிறர் தொட்டுப் பார்த்த ரைபிளை அன்றே துடைக்காவிட்டால் அவர்களுடைய விரல் அடையாளம் பழுப்பு நிறத்தில் அதில் பதிந்துவிடும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வறட்சியும் புழுதியும் தொல்லை. ஒக்டோபருக்குப் பின் வாடைக் காற்றோடு மழை வரும்போது ஈரம் தொல்லை. மழைக்காலம் முடிந்ததும் மரக்கட்டையையும் குழலையும் பிரித்துப் பார்ப்பது அவசியம். அப்படிப் பிரித்த ஒரு ரைபிளை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வெளியே கண்ணாடிபோல் மின்னிய குழலின் அடிப்பக்கத்தில், மரத்தின் விளிம்பு உலோகத்தைத் தொடும் கோடு நெடுக, மஞ்சள் தூளைத் தூவியதுபோல் துரு மெல்லிய வரியாக ஓடியிருந்தது. துடைத்தபோது துணியில் செம்பழுப்பு நிறம் வந்தது, அடியில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தன. துணி எட்டாத இடத்திலேயே துரு குடியிருக்கும். மீண்டும் பொருத்தும்போது திருகாணிகளை உற்பத்தியாளர் குறித்த இறுக்கத்துக்கே முடுக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் சன்னம் விழும் இடம் மாறும். மரக்கட்டை ஈரத்தில் ஊதுவதாலும் அப்படி மாறும் என்பதால், மாரியில் குறி தவறினால் பார்வைக் கருவியைத் திருப்புவதற்கு முன் கட்டையைப் பாருங்கள்.

எண்ணெய் விடயத்தில் தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டவே வேண்டாம். அவை சில வாரங்களில் பிசினாகி விசையின் நுண்ணிய பாகங்களை ஒட்டவைக்கும். டபிள்யூ.டி.-40 நீரை விலக்க நல்லது. நீண்ட காலக் காப்புக்குப் போதாது. துப்பாக்கிக்கென்றே விற்கப்படும் எண்ணெய் சிறந்தது. கிடைக்காதபோது நல்ல தையல் மெஷின் எண்ணெயை மெல்லிதாகப் பூசி, அடிக்கடி புதுப்பிக்கலாம்.

குழலைத் துப்புரவாக்கல்

தொடங்கும் முன் மகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைத் திறவுங்கள், வெடியறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு, வெறுமை என்பதை உறுதிசெய்யுங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

துப்புரவுக் கம்பி ஒரே துண்டாக, பூச்சுப் பூசியதாக இருக்கட்டும். போல்ட் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாகவே தள்ளுங்கள். குழல் வாயின் விளிம்பே சன்னம் கடைசியாகத் தொட்டுப் பிரியும் இடம். அதில் ஒரு கீறல் விழுந்தால் விலையுயர்ந்த ரைபிளும் சிதறிச் சுடும். எனவே துணித்துண்டு வாயைத் தாண்டியதும் அதைக் கழற்றிவிட்டுக் கம்பியை மெதுவாக இழுங்கள். .22 சன்னத்தில் பூசப்பட்டிருக்கும் மெழுகு குழலுக்கு ஓரளவு காப்பாக இருப்பதால், பித்தளைத் தூரிகையால் அடிக்கடி உரசித் தேய்ப்பது தேவையற்றது. ஆனால் வெடியறை முடிந்து குழல் தொடங்கும் இடத்தில் கடினமான கரி வளையமாகப் படிவதை, கரைப்பானில் நனைத்த துணியை அங்கே சில நிமிடம் நிறுத்தி, ஒழுங்காக நீக்க வேண்டும். கடலிலிருந்து தொலைவில் இருப்பவர்கள் குழலை அப்படியே விட்டுவிடலாம். நாமோ ஒவ்வொரு சுடுதலின் பின்னும் எண்ணெய் தொட்ட ஒரு துணியை உள்ளே ஓட்டியே பூட்ட வேண்டும். அடுத்த முறை சுடுமுன் உலர்ந்த துணியால் அந்த எண்ணெயை எடுத்துவிடுங்கள். முதற் சில சன்னங்கள் சற்றே விலகிப் போகும் என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சுடுதளம் தொலைவில் இருக்கும் நமக்குத் தோட்டாவின்றி வீட்டில் விசை பழகுவது பெரும் உதவி. ஆனால் .22 ரைபிளில் வெற்று வெடியறைமேல் ஊசி இறங்கினால் வெடியறை விளிம்பை அடித்துப் பழுதாக்கும். அதற்கான போலித் தோட்டாவையோ போட்டி ரைபிளில் உள்ள பயிற்சி விசையையோ பயன்படுத்துங்கள்.

காற்று ரைபிளில் வேறு கவனம் தேவை. சுருள்வில் வகையில், அமுக்க அறைக்குள் சாதாரண எண்ணெய் போனால் அழுத்தத்தில் தீப்பற்றி வெடித்து, காற்றுக் கசியாமல் தடுக்கும் வளையத்தைக் கெடுக்கும். உருளையில் காற்று அடைக்கும் வகையில் அழுத்தம் 200 பார் அளவுக்குப் போகும். கைப் பம்பால் நம் ஊர்க் காற்றை அடைத்தால் ஈரமும் சேர்ந்தே உள்ளே போய் உருளையை அகத்திலிருந்து அரிக்கும். சுழியோடிகளின் சிலிண்டரில் உள்ள வடிகட்டி உலர்த்திய காற்று அதைவிட நல்லது. ஒட்சிசன் சிலிண்டரில் ஒருபோதும் நிரப்பாதீர்கள். எண்ணெய்த் தடம் பட்டாலே வெடிக்கும். உருளையில் பொறித்த உற்பத்தித் திகதியிலிருந்து 10 ஆண்டுகள் கடந்தால் சர்வதேசப் போட்டிகளில் அதை ஏற்கமாட்டார்கள். வீட்டிலும் அந்த எல்லையையே பின்பற்றுங்கள்.

தோட்டாவும் பயணமும்

தோட்டாவை அனுமதியிலுள்ள அளவுக்கு மேல் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. சம்பூர், மூதூர், குச்சவெளிப் பக்கங்களில் நிலம் கிண்டும்போது பழைய ரவைகள் வெளிவந்தால் தொடாமல் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். விசை அழுத்தியும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி பொறுத்துப் பின் திறவுங்கள். சத்தம் வழமைக்கு மாறாக மெலிந்து கேட்டால் அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது; முந்தைய சன்னம் குழலுக்குள் சிக்கியிருக்கக்கூடும். ஈயத்தைத் தொட்ட கையைக் குளிர்ந்த நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவாமல் உணவைத் தொடாதீர்கள்.

பயணத்தில் ரைபிள் வெறுமையாக, போல்ட் வேறாக, வெடியறையில் செம்மஞ்சள் நிறப் பாதுகாப்புக் கொடியோடு, பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். மூல அனுமதிப்பத்திரத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சோதனைச் சாவடியில் பெட்டியைத் தாமாகத் திறக்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்பதை முதலில் வாயால் சொல்லிப் பத்திரத்தைக் காட்டி, அதிகாரி சொன்ன பின் திறவுங்கள். சீனக்குடா விமானத் தளம், கடற்படைத் தளம் ஆகியவற்றை அண்டிய வீதிகளில் தேவையின்றி நிற்காதீர்கள். நம் மாவட்டத்தில் திருகோணமலை நேவல் ஹெட்வேர்க்ஸ் சரணாலயம், சேருவில அல்லைச் சரணாலயம், கொக்கிளாய்ப் பறவைகள் சரணாலயம், புறாத்தீவு தேசியப் பூங்கா என்று காக்கப்பட்ட நிலமும் நீரும் பரந்து கிடக்கின்றன. அவற்றுக்குள் துப்பாக்கியோடு நுழைவதை வனசீவராசிச் சட்டம் கடுமையாகப் பார்க்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்றிக் கோட்டைக்குள் நம் கைக்கெட்டும் தூரத்தில் மேயும் புள்ளிமான்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். விளையாட்டு ரைபிளை ஓர் உயிரை நோக்கித் திருப்புபவருக்கு எந்தக் கழகமும் இடம் தரக் கூடாது.

நவம்பரில் ஒருநாள் ஒதுக்கி, புதுப்பித்தல் விண்ணப்பத்தைத் தயார்செய்து, ஒரு குறிப்பேட்டில் தொடரிலக்கம், அனுமதி இலக்கம், வாங்கிய தோட்டா, சுட்ட தோட்டா, எண்ணெய் பூசிய திகதி ஆகியவற்றைச் சரிபாருங்கள். அனுமதி மகனுக்கோ மகளுக்கோ தானாகச் சேராது. அனுமதி பெற்றவர் இறந்துவிட்டாலோ நிரந்தரமாக வெளிநாடு போனாலோ துப்பாக்கியைத் தாமதமின்றிப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெற வேண்டும் என்பதையும், எந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பது என்பதையும் அந்தக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதி, அது இருக்கும் இடத்தை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்குக் காட்டி வையுங்கள்.